இருப்பதா, கிளம்புவதா, எப்போது கிளம்புவது?

போன ஜனவரியில் ஒரு மாலை. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் வெராண்டாவில் காபியோடு உட்கார்ந்திருந்தார். நான் காரில் போர்வைகளையும் நாயின் சாப்பாட்டுத் தட்டையும் ஏற்றிக்கொண்டிருந்தேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. புகை வாசனைகூட இல்லை.

"எங்கயாச்சும் தீ பிடிச்சிருக்கா மாப்ள?"

"இல்ல மாமா."

"அப்புறம் எதுக்குக் கிளம்புறோம்?"

"நாளைக்குக் காத்து மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். மழை வரும் என்று ரேடியோவில் சொன்னாலே குடை எடுக்காதவர் அவர். வராத நெருப்புக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது அவருக்குக் கிறுக்குத்தனமாகத்தான் பட்டிருக்கும். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்னுக்கு வடமேற்கே, வோம்பாட் காட்டின் ஓரத்தில். சுற்றிலும் தைல மரம். மருத்துவமனை வேலை, முதியோர் இல்ல வேலை என்று நம்மவர்கள் பலர் இப்போது நகரத்தை விட்டு இப்படிப்பட்ட ஊர்களுக்கு வருகிறார்கள். நகரத்திலேயே இருப்பவர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் காட்டோரத்திலோ கடலோரத்திலோ வீடு பிடித்துத் தங்குகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் கோடையில் ஒரே கேள்விதான்: தீ அபாயம் என்றால் இருப்பதா, கிளம்புவதா?

இரண்டில் ஒன்று என்று தோன்றும். ஆனால் கிளம்புவதிலேயே முந்தின நாள் கிளம்புவது, அன்று காலை கிளம்புவது, புகையைப் பார்த்துக் கிளம்புவது என்று மூன்று இருக்கிறது. இந்த மூன்றுக்கும் இடையில் உள்ள வித்தியாசம், இருப்பதற்கும் கிளம்புவதற்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது என்பது என் கட்சி.

முதலில் தீ எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். எதிரே ஒரு நெருப்புச் சுவர் வரும், அதை ஹோஸ் பைப்பால் அடித்து நிறுத்தலாம் என்பது சினிமாக் கற்பனை. பெரும்பாலான வீடுகளை எரிப்பது பொறிகள். கார்த்திகைக்கு மாவளி சுற்றியவர்களுக்கு இது உடனே புரியும். அந்தப் பொறி மழையை ஒரு ஊர் அளவுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். தைல மரத்தின் பட்டை நாடா நாடாவாக உரிந்து தொங்கும். அது எரிந்தபடியே காற்றில் ஏறி, தீ வருவதற்கு வெகு முன்பாகவே கூரை இடுக்கிலும் ஓட்டுத் தாழ்வாரச் சருகிலும் இறங்கும். 2009 பிப்ரவரி 7 அன்று, கறுப்புச் சனிக்கிழமை என்று இங்கே சொல்லப்படும் நாளில், 30 கிலோமீட்டருக்கு அப்பால்கூடப் பொறி விழுந்து புதுத் தீ பிடித்தது.

அடுத்தது வெப்பம். சொக்கப்பனை கொளுத்தும்போது இருபது அடி தள்ளி நிற்பவருக்கும் முகம் காந்தும் இல்லையா? மனிதர்களைக் கொல்வது பெரும்பாலும் அந்தக் கதிர்வீச்சுதான், சுடர் வந்து தொட வேண்டியதில்லை. மூன்றாவது சரிவு. ஏறுமுகச் சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். மலை உச்சியில் காட்சி பார்த்துக் கட்டிய வீடுதான் முதலில் மாட்டும்.

கடைசியாகக் காற்றுத் திருப்பம். கொளுத்தும் நாளில் வடக்குக் காற்று தீயைத் தெற்கே நீளமாக ஓட்டும். மாலையில் தென்மேற்கிலிருந்து குளிர் காற்று வரும். மெல்போர்ன்காரர்கள் அதற்காகப் பருவமழைக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருப்பார்கள். காட்டோரத்தில் அதே குளிர் காற்றுதான் எமன். அதுவரை பக்கவாட்டாக இருந்த நீண்ட ஓரம் முழுவதும் சட்டென்று முன்முகமாகத் திரும்பிப் பாயும். கறுப்புச் சனிக்கிழமையன்று மெல்போர்னில் வெப்பம் 46.4 பாகை செல்சியஸ். அன்று இறந்தவர்கள் 173 பேர். வீடுகள் 2,000-க்கும் மேல் அழிந்தன.

அந்த 173 பேரில் 113 பேர் இறந்தது வீடுகளுக்குள்ளே. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு முதல் வழிக்கு வருவோம்.

இருந்து வீட்டைக் காப்பது

இது பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. நன்றாகத் தயார் செய்த வீட்டில், உடல் திடமான இருவர் இருந்து, விழும் பொறிகளை ஒவ்வொன்றாக அணைத்தால் பல வீடுகள் தப்பும். 2009-க்கு முன்பு இங்கிருந்த கொள்கையே 'தயாராகு, இருந்து காப்பாற்று, அல்லது முன்கூட்டியே கிளம்பு' என்பதுதான். அந்தத் தீக்குப் பிறகு அமைத்த அரச விசாரணை ஆணையம் 2010-ல் அறிக்கை தந்தபோதும் அந்தக் கொள்கையை அடியோடு தூக்கி எறியவில்லை. ஆனால் மிக மோசமான நாளில் எந்த வீட்டையும் காப்பாற்ற முடியாமல் போகலாம், முன்கூட்டியே கிளம்புவதே பாதுகாப்பு என்ற பக்கம் எடை சாய்ந்துவிட்டது.

நாங்கள் குடிவந்த முதல் வருடம் நானும் இருந்து காப்பது என்றுதான் நினைத்தேன். பக்கத்துப் பண்ணைக்காரர் அறுபது தாண்டியவர். சி.எஃப்.ஏ. என்ற கிராமப்புறத் தீயணைப்பு அமைப்பில் பல காலமாகத் தன்னார்வலர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பேச்சு அதிகம் இல்லை. வாசலில் கிடந்த தேங்காய் நார் மிதியடியைக் காலால் தள்ளினார். என் மனைவி ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்தது அது. பின்கதவில் சாய்த்திருந்த துடைப்பத்தைக் காட்டினார். வெராண்டாவுக்கு அடியில் அடுக்கியிருந்த விறகைப் பார்த்துச் சிரித்தார். கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் சுண்டு விரலை நுழைத்து, வெளியே எடுத்து, அதை என்னிடம் காட்டினார். இங்கே கட்டட விதிப்படி, பொறி புகாமல் இப்படிப்பட்ட இடுக்கை மூடும் வலையின் கண் 2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அவர் விரல் முழுதாக உள்ளே போயிருந்தது.

அப்புறம் ஒரு பரீட்சை வைத்தார். கம்பளிச் சட்டை, தடித்த ஜீன்ஸ், தோல் பூட்ஸ், முகமூடி, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு வீட்டைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். அன்று 29 பாகைதான். பன்னிரண்டாவது நிமிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். "அன்னைக்கு 44 இருக்கும். இருட்டா இருக்கும். சத்தம் ரயில் மாதிரி இருக்கும். நாள் முழுக்க" என்றார். தீயின் முன்முகம் கடந்து போவது சில நிமிடங்கள்தான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் மணிக்கணக்கில் பொறியோடு மல்லுக்கட்ட வேண்டும். வீடு தப்பிவிட்டது என்று நினைத்து உட்கார்ந்த பிறகு கூரைக்குள் புகைந்துகொண்டிருந்த பொறியால் எரிந்துபோன வீடுகள் உண்டு.

பொருள் செலவையும் பார்க்க வேண்டும். கரண்ட் போய்விடும் என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். மின் மோட்டார் நின்றுவிடும், தெருக் குழாயில் அழுத்தம் இருக்காது. அதனால் சொந்தமாகக் குறைந்தது 10,000 லிட்டர் தண்ணீர் வேண்டும், சென்னைக் கணக்கில் ஏறக்குறைய ஒரு தண்ணீர் லாரி. தொட்டி சிமெண்டிலோ இரும்பிலோ இருக்க வேண்டும், பிளாஸ்டிக் உருகும். தரைக்கு மேல் ஓடும் பி.வி.சி. குழாயும் உருகும். டீசலிலோ பெட்ரோலிலோ ஓடும் பம்பு வேண்டும், அதை வெப்பம் படாமல் மறைத்து வைக்க வேண்டும், மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். கோடை முழுவதும் புல்லை 10 சென்டிமீட்டருக்குள் வெட்டிவைக்க வேண்டும். கேஸ் சிலிண்டரின் வால்வு வீட்டைப் பார்த்திருக்கக் கூடாது.

இதெல்லாம் செய்தும், வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ சின்னக் குழந்தையோ முழங்கால் வலிக்கார மாமியாரோ இருந்தால் இந்த வழி உங்களுக்கு இல்லை. ஒருவர் வீட்டைக் காக்க, இன்னொருவர் குழந்தைகளைப் பார்க்க என்று பிரித்தால் இரண்டு வேலையும் பாதியில் நிற்கும். இருந்து காப்பது சிலருக்குப் பொருந்தும். வருடம் முழுக்க அதையே ஒரு வேலையாகச் செய்யும் என் பக்கத்துப் பண்ணைக்காரருக்குப் பொருந்தும். எனக்கு இல்லை.

ஒன்று கவனித்திருக்கிறேன். இருந்தே தீருவேன் என்று நிற்பவர்களில் பலருக்குக் காப்பீடு போதுமான தொகைக்கு இருக்காது. வீடு போனால் எல்லாம் போச்சு என்ற பயம்தான் அவர்களைக் கட்டிப்போடுகிறது. காப்பீட்டுத் தொகையை மழைக்காலத்திலேயே சரிபார்த்துவிட்டால் கோடையில் கிளம்பும் முடிவு பாதி எளிதாகிவிடும். புகையைப் பார்த்த பிறகு பாலிசி வாங்கிப் பயனில்லை, முதல் சில நாட்களுக்குக் காட்டுத்தீ சேராது என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன.

கிளம்புவது, ஆனால் எப்போது?

விக்டோரியாவை ஒன்பது தீ வானிலை மாவட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்த சில நாட்களின் அபாய நிலையை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். 2022 செப்டம்பர் முதல் நாடு முழுவதும் ஒரே நான்கு படி: மிதம் பச்சை, உயர்வு மஞ்சள், தீவிரம் ஆரஞ்சு, பேரழிவு கருஞ்சிவப்பு. பலர் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. இந்த வண்ணம் தீ எங்கே எரிகிறது என்று சொல்வதில்லை. தீ பிடித்தால் எப்படி ஓடும் என்று சொல்கிறது. எரியும் தீக்கான எச்சரிக்கை வேறு. அது முக்கோண வடிவில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும்.

புகையைப் பார்த்துக் கிளம்புபவர் இந்த இரண்டாவது வகையை நம்பி இருக்கிறார். 'நிலைமையைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்' என்பது கேட்க நிதானமாக இருக்கும். எல்லா வழிகளிலும் மோசமானது இதுதான். பக்கத்து மேட்டில் தீ பிடித்தால் எச்சரிக்கை வருவதற்குள் பொறி வந்துவிடும். செல்போன் கோபுரம் கரண்ட் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும்? சாலையில் புகை, விழுந்த மரம், எதிரே தீயணைப்பு வண்டி. காரின் கண்ணாடியும் தகடும் கதிர்வீச்சுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. வீட்டில் இருப்பதைவிட மோசமான இடம் சாலை என்று ஆகிவிடும்.

காலையில் கிளம்புவது தேவலை. ஆனால் பத்து மணிக்கு முன் கிளம்ப வேண்டும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் பத்து மணிக்கு முன் எது நடந்திருக்கிறது சொல்லுங்கள். நாங்கள் ஒருமுறை அப்படித் திட்டமிட்டு, செருப்பைக் காணோம், நாயைக் காணோம் என்று பதினொன்றரைக்குத்தான் கேட்டைப் பூட்டினோம். வடக்குக் காற்று அப்போதே எழுந்திருந்தது.

முந்தின மாலை கிளம்புவதற்கு உள்ள ஒரே குறை, பெரும்பாலும் ஒன்றும் நடக்காது என்பதுதான். மறுநாள் திரும்பி வரும்போது மிதியடி கிடந்த இடத்தில் கிடக்கும். பக்கத்துக்காரர்கள் சிரிக்காவிட்டாலும் நமக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும். மூன்றாவது முறை 'இந்தத் தடவை பாத்துக்கலாம்' என்று மனம் சொல்லும். என் கணக்கில் ஒரு கோடைக்கு நாலைந்து இரவு. பெட்ரோல், ஒரு நாள் விடுப்பு, குழந்தைகளின் முணுமுணுப்பு, அவ்வளவுதான் விலை. பத்தாயிரம் லிட்டர் தொட்டியோடும் பம்போடும் ஒப்பிட்டால் இது சில்லறை.

இரண்டு ஊர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நேரத்தின் மதிப்பு தெரியும். கிரேட் ஓஷன் ரோட்டில் உள்ள வை ரிவர் கடலோரக் கிராமம். 2015 டிசம்பரில் அதன் பின்னாலிருந்த ஆட்வே மலையில் மின்னலால் பிடித்த தீ ஒரு வாரமாகப் புகைந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் அன்று காற்று மாறும் என்று தெரிந்ததும் ஆட்களைக் கிளப்பிவிட்டார்கள். பண்டிகைச் சாப்பாட்டை மேசையில் விட்டுவிட்டுப் போக யாருக்கு மனம் வரும்? போனார்கள். அங்கும் பக்கத்து செபரேஷன் கிரீக்கிலுமாக 116 வீடுகள் எரிந்தன. ஒரு உயிர் போகவில்லை.

மல்லகூட்டா மாநிலத்தின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. காட்டுக்குள் போகும் ஒரே சாலை. 2019 டிசம்பர் 29 அன்றே கிழக்கு கிப்ஸ்லாந்தில் இருந்த சுற்றுலாப் பயணிகளைக் கிளம்பச் சொல்லி அறிவிப்பு வந்தது. வழி சீக்கிரமே அடைபட்டது. 31-ம் தேதி காலை வானம் இருண்டு பிறகு செக்கச்செவேல் என்று ஆனபோது ஏறக்குறைய 4,000 பேர் கடற்கரையோரம் ஒதுங்கி நின்றார்கள். காற்று கொஞ்சம் திரும்பியதால் கரை தப்பியது. நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. சில நாள் கழித்து எச்.எம்.ஏ.எஸ். சூல்ஸ் என்ற கடற்படைக் கப்பல் வந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிப்போனது. உயிர் தப்பினார்கள், சரி. ஆனால் அதில் காற்றின் தயவு பாதி.

நிலவறையும் கடைசிப் புகலிடமும்

காசு இருப்பவர்கள் தீ கடந்து போகும்வரை ஒதுங்கியிருக்கத் தோட்டத்தில் நிலவறை கட்டிக்கொள்கிறார்கள். 2009-க்குப் பிறகு விக்டோரியாவில் இதற்குத் தனிக் கட்டட விதி வந்தது. அங்கீகாரம் பெற்ற நிலவறை என்றால், இருந்து காப்பவருக்கு அது ஒரு நல்ல பின்கதவு. தானே தோண்டி ஷிப்பிங் கன்டெய்னரைப் புதைத்து வைப்பது வேறு விஷயம். புகை உள்ளே புகுந்தால் அதுவே குழி.

ஊர்களில் 'காட்டுத்தீ கடைசிப் புகலிடம்' என்று பலகை மாட்டிய மைதானமோ மண்டபமோ இருக்கும். பெயரிலேயே கடைசி என்று இருக்கிறது. மற்ற எல்லாத் திட்டமும் கவிழ்ந்த பிறகு ஓடிப்போய் நிற்கிற இடம் அது. அங்கே சாப்பாடு, தண்ணீர், மருத்துவ உதவி இருக்கும் என்றோ உயிருக்கு உத்தரவாதம் என்றோ யாரும் சொல்லவில்லை. போகும் வழியும் எரியலாம். எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு

உங்களுக்கு முடிவு இன்னும் எளிது. காக்க வீடு இல்லை, பம்பு இல்லை, ஊரின் மண்சாலை தெரியாது. வாடகை வீட்டுக்குக் கட்டிய பணம் ஒன்றுதான் இழுக்கிறது. ஆரஞ்சு நாளில் காட்டோரத்தில் இருப்பதைவிடப் பணத்தை விடுவது மேல். கருஞ்சிவப்பு நாளில் பேச்சே இல்லை. அந்த மாவட்டத்துப் பூங்காக்களை மூடிவிடுவார்கள், அபாயப் பட்டியலில் உள்ள பள்ளிகளையும் மூடுவார்கள். பயணத்தை முழுவதும் ரத்து செய்யவும் தேவையில்லை. இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள், அல்லது குளிர் காற்று வந்த பிறகு போங்கள்.

மலையேற்றம் போகிறவர்களுக்குக் குரங்கணி மறந்திருக்காது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்தில் காய்ந்த புல் சரிவில் தீயில் மாட்டி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புல், சரிவு, காற்று மூன்றும் சேர்ந்தால் எந்த நாடு என்பது முக்கியமில்லை.

கூடாரம் போட்டு நெருப்பு மூட்டுபவர்கள் முதலில் அன்று முழுத் தீத்தடை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு குச்சிகூடக் கொளுத்தக் கூடாது. இல்லாத நாளிலும், அணைக்கும்போது மண்ணைப் போட்டு மூடாதீர்கள், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றி, கை வைத்துப் பார்த்தால் சுடாத அளவுக்கு ஆக்குங்கள்.

விக் எமர்ஜென்சி என்ற மாநில அரசின் அவசர எச்சரிக்கை ஆப்பில் தங்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு வைத்தால் அறிவிப்பு வரும். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோர் தனியாக இருந்தால், 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் மூலமாக 1800 226 226 என்ற அவசரத் தகவல் எண்ணோடு பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 000. பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோவும் வேண்டும், உள்ளூர் ஏ.பி.சி. வானொலியில் எச்சரிக்கைகளைச் சொல்வார்கள்.

எங்கள் வீட்டு முடிவு குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. மஞ்சள் என்றால் கார் வாசலைப் பார்த்து நிற்கும், பாஸ்போர்ட் பை காரில் இருக்கும். ஆரஞ்சு என்றால் முந்தின மாலை ஆறு மணிக்குக் கிளம்புவோம், விவாதம் கிடையாது. இந்த 'விவாதம் கிடையாது' என்பதற்குத்தான் எங்களுக்கு இரண்டு வருடம் பிடித்தது. போகும் இடம் டாண்டினாங்கில் நண்பர் வீடு. மறுநாள் காலையில் கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில், அங்கேயே பொங்கல். அதனால் பிள்ளைகள் இப்போது அதிகம் முணுமுணுப்பதில்லை.

அந்த ஜனவரியில் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் இரவு திரும்பி வந்தோம். மாமனார் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "எல்லாம் வச்சது வச்சபடி இருக்கு" என்றார், குரலில் லேசான ஏமாற்றத்தோடு. அடுத்த வாரம் ஒரு காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அவரே என் போனை எடுத்து ஆப்பைத் திறந்து பார்த்தார். "இன்னைக்கும் நாளைக்கும் பச்சைதான் மாப்ள" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "இட்லிக்கு ஊறப்போடச் சொல்லுங்க."